பால் கணக்கும் பந்துக் கணக்கும்

கணக்கு எழுதாத வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. சமையற்கட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் வராத நாளைச் சுற்றி ஒரு சுழி போட்டிருக்கும். இஸ்திரிக்குப் போன துணி, தண்ணீர் கேன், சீட்டுப் பணம், காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, எல்லாவற்றுக்கும் அதே காலண்டரில் இடம் உண்டு. ஆனால் வீட்டுப் பையன் இந்த வாரம் எத்தனை மணி நேரம் மைதானத்தில் ஓடினான் என்று குறித்து வைத்த காலண்டரை நான் அண்மைக்காலம் வரை பார்த்ததில்லை.

"அதற்கெல்லாமா கணக்கு?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. தாராளமாகச் சிரியுங்கள், முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள். வீட்டில் யாரும் எழுதாவிட்டாலும் அந்தக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதிக்கொண்டு வரும் குமாஸ்தா ஒருவன் உண்டு. அவன் பெயர் முழங்கால். அவன் லஞ்சம் வாங்குவதில்லை, மறப்பதும் இல்லை. வட்டியும் முதலுமாக ஒரே நாளில் பாக்கியைக் கேட்பான்.

நான் குடியிருப்பது திருமுல்லைவாயிலில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே. இது வேலை செய்து பிழைக்கிறவர்களின் பக்கம். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டு, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அதிலிருந்து உருண்டு வெளியே வந்தது. இடையில் 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ரயிலில் இன்னும் சற்றுக் கிழக்கே போனால், 1955 அக்டோபர் 2-ந் தேதி திறந்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. தொழிற்சாலை என்றால் சங்கு. சங்கு என்றால் ஷிப்டு. ஷிப்டு முடிந்தால் மைதானம். ஐ.சி.எஃப். என்றதும் சென்னையில் பாதிப் பேருக்கு ரயில் பெட்டி நினைவுக்கு வரும். மீதிப் பேருக்குப் பந்தாட்டக் கோஷ்டி நினைவுக்கு வரும். பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவனுக்கு ரயில்வேயில் வேலை, போலீசில் வேலை என்ற நம்பிக்கை இங்கே இன்று நேற்று வந்ததல்ல.

அந்த நம்பிக்கைக்கு இப்போது விளக்கு வெளிச்சமும் சேர்ந்திருக்கிறது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் காலி மனை அகப்பட்ட இடத்திலெல்லாம் உயரமாக வலை கட்டி, பச்சைப் பாய் போன்ற செயற்கைப் புல்லை விரித்து, இராத்திரியைப் பகலாக்கும் விளக்குகளைப் போட்டு, மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். 'டர்ஃப்' என்று அதற்குப் பெயர். இரவு பத்து மணிக்கு அந்தப் பக்கம் போனால் 'பாஸ் பண்ணுடா!' என்ற கூக்குரல் கேட்கும். முன்பெல்லாம் பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பி வைத்த பெரிய மனிதர் சூரிய பகவான். அவருக்கு இப்போது அந்த உத்தியோகம் போய்விட்டது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அவருக்கு ஒரே பையன். வயது 13. பள்ளிக்கூடக் கோஷ்டியில் இடது ஓரத்தில் ஆடுகிறான். பந்து அவன் காலில் இருக்கும்போது பார்த்தால், காலும் பந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளோ என்று தோன்றும். அப்படிப்பட்டவன், சென்ற ஜூன் மாதத்தில், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்தான்.

"வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்னு கோச் சொல்றார் சார்" என்றார் தகப்பனார். "எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்தினா சரியாப் போயிடும்னு எங்க அம்மா சொல்றாங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"ஜூலையில மாவட்ட செலக்ஷன் இருக்கு சார்" என்றார்.

கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

எலும்பு டாக்டரிடம் போனபோது என்னையும் கூட வரச் சொன்னார். கதை எழுதுகிறவன் ஒருவன் உடன் வந்தால் டாக்டர் இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசுவார் என்று அவருக்கு ஓர் எண்ணம். எங்கள் அதிர்ஷ்டம், அந்த டாக்டர் யார் வந்தாலும் பேசப் பிரியமுள்ளவர். பையனைப் பெஞ்சியில் உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே கட்டை விரலால் அழுத்தினார். பையன் ஓர் அடி எழும்பினான். அந்த இடத்தில் சிறு மேடு ஒன்று புடைத்திருந்தது.

"இதுக்கு ரெண்டு டாக்டர் பேரு வெச்சிருக்காங்க" என்று ஆரம்பித்தார். 1903-ஆம் வருஷத்தில் பாஸ்டனில் ஆஸ்குட் என்பவரும் சூரிச்சில் ஷ்லாட்டர் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், இதே மேட்டைப் பற்றி எழுதினார்களாம். ஆகவே ஆஸ்குட்-ஷ்லாட்டர். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளுடைய நுனியில் இன்னும் இறுகாத குருத்துப் பகுதி இருக்கிறது. அங்கேதான் எலும்பு நீள்கிறது. பையன்களுக்குப் பெரும்பாலும் 14 வயதை ஒட்டியும், பெண் குழந்தைகளுக்கு 12 வயதை ஒட்டியும் உயரம் திடீரென்று ஏறுகிறது. எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது. தொடைத் தசை பின்தங்குகிறது. கட்டையான கயிற்றை நீளமான கம்பத்தில் கட்டினால் என்ன ஆகும்? கயிறு அறுவதற்கு முன்னால் ஆணி ஆட்டம் காணும். ஒவ்வொரு உதையிலும், ஒவ்வொரு குதியிலும் அந்தத் தசை முழங்காலுக்குக் கீழே உள்ள குருத்தைப் பிடித்து இழுக்கிறது. குதிகாலிலும் இதே கதை உண்டு. அதை 1912-ல் ஸீவர் என்பவர் விவரித்தார்.

"தம்பி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுறே?" என்று டாக்டர் கேட்டார்.

தகப்பனார் முந்திக்கொண்டு, "சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் டாக்டர்" என்றார்.

"நான் தம்பியைக் கேட்டேன்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் டாக்டர் எழுத, பையன் சொல்லச் சொல்லப் பட்டியல் வளர்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஆறிலிருந்து ஏழரை வரை, ஆறு நாள்: 9 மணி. பயிற்சி அகாடமியில் மாலை இரண்டு மணி வீதம் மூன்று நாள்: 6. சனிக்கிழமை மேட்ச்: ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை இரவு பெரிய பையன்களோடு டர்ஃபில்: 2. இதைத் தவிரத் தெருவில் தினம் அரை மணி என்று வைத்தால் சுமார் 3. கூட்டிப் பார்த்தால் 21½ மணி.

தகப்பனார் அந்தத் தொகையை, தமக்கு வரவேண்டிய சம்பளத்தில் யாரோ கை வைத்துவிட்டதுபோல் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் கோச்சுக்குத் தம்முடைய பத்தரை மணி தெரியும். அகாடமிக்காரருக்குத் தம்முடைய 6 மணி தெரியும். டர்ஃப் நண்பர்களுக்கு 2 தெரியும். தெருவுக்கு ஒன்றும் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நியாயஸ்தர்கள். துண்டுச் சீட்டுகள் நாலு பேரிடம் இருந்தன. மொத்தம் போட்டது முழங்கால் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இளம் ஆட்டக்காரர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் சுலபமான சூத்திரம் ஒன்று கிடைத்தது என்றார் டாக்டர். தம் வயதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் முறையான பயிற்சியும் போட்டியும் என்று ஆடும் பிள்ளைகளுக்கு, அளவு மீறிய உழைப்பால் வரும் கடுமையான காயங்கள் அதிகமாக இருந்தனவாம். வயது 13 என்றால் 13 மணி. தெரு ஆட்டத்தைத் தள்ளிவிட்டாலும் இவன் பதினெட்டரையில் நின்றான்.

"சரி, மார்ச் மாசம்?" என்றார் டாக்டர்.

"ஆடலை. பரீட்சை. அம்மா பந்தை எடுத்துப் பரண் மேல போட்டுட்டாங்க."

"ஏப்ரல்?"

"அப்பவும் ஆடலை."

"மே?"

"சம்மர் கேம்ப். காலையில ரெண்டு மணி, சாயங்காலம் ரெண்டு மணி. ஆறு நாள்."

டாக்டர் பேனாவை மூடினார். "இது முழங்கால் வியாதி இல்ல சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "காலண்டர் வியாதி."

இந்த வார்த்தை என்னை நாலைந்து நாள் விடவில்லை. எங்கள் தெருக் கோடியில் ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் இருக்கிறார். இயந்திரங்களோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"இதுல என்ன சார் அதிசயம்?" என்றார். "அந்தக் காலத்துல புது மோட்டார் வாங்கினா முதல் ஆயிரம் மைல் மெதுவா ஓட்டுன்னு எழுதியே குடுப்பான். உள்ளே பாகங்க ஒண்ணோட ஒண்ணு பழகணும். ஷெட்டுலேர்ந்து எடுத்ததும் அறுபதுல விரட்டினா கேஸ்கட் போகும். புள்ளைங்கன்னா மட்டும் எடுத்ததும் அறுபதா?"

ஃபோர்மேன் சொன்னது முக்கால் உண்மை. மீதிக் கால் பங்கில்தான் விசேஷம் இருக்கிறது. இரும்பு, பாரம் ஏற ஏறத் தேயுமே ஒழிய வளராது. இராத்திரி தூங்கி எழுந்தால் அதன் கீறல் ஆறிவிடாது. எலும்பு அப்படியல்ல. தன்மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் வைத்தியர் வொல்ஃப் 1892-லேயே எழுதினார். தசையும் நரம்பும் அப்படித்தான். பாரம் ஏற்றினால் கொஞ்சம் சேதம். ஓய்வு கொடுத்தால் சேதத்தைப் பழுது பார்த்து, முன்னைவிட ஒரு செங்கல் அதிகமாக வைத்துக் கட்டுகிறது. ஆகவே உழைப்பு குழந்தைக்குச் சத்துரு அல்ல. கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மாடி கட்டுவதுதான் சத்துரு.

வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த மனிதன் விஷயத்தில் நம் நாடு இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வயது வந்த தொழிலாளியிடம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விட வேண்டும் என்று எழுதி வைத்தது. 14 வயது நிறையாதவனை உள்ளேயே விடக்கூடாது. 14 நிறைந்து 15 ஆகாதவனிடம் நாளுக்கு நாலரை மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இராத்திரியில் வாங்கவே கூடாது என்றது. அடுத்த வீட்டுப் பையன் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போயிருந்தால் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டீஸ் ஒட்டியிருப்பார். அவன் போனது விளையாட; ஆகையால் யாரும் வரவில்லை. விளையாட்டுக்கு ஓவர்டைம் ஏது?

கணக்கு எப்படி வைப்பது என்பதற்கு மிக எளிய வழி ஒன்றை அமெரிக்கரான ஃபாஸ்டர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2001-ல் எழுதினார்கள். கருவி ஒன்றும் வேண்டாம். ஆட்டம் முடிந்து அரை மணி கழித்துப் பையனிடம் ஒரே கேள்வி: "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எவ்வளவு?" அவன் சொல்லும் எண்ணை ஆடிய நிமிஷங்களால் பெருக்க வேண்டியது. 90 நிமிஷம் ஆடி, கஷ்டம் 6 என்றால் 540. ஏழு நாளையும் கூட்டினால் அந்த வாரத்தின் பாரம். இதைப் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதலாம்.

எழுதி என்ன செய்வது? ஆஸ்திரேலியாவில் டிம் காபெட் என்பவர் 2016-ல் ஒரு யோசனையைப் பிரபலப்படுத்தினார். இந்த வாரத்துப் பாரத்தைக் கடந்த நாலு வாரத்துச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய சமமாக இருந்தால் பயமில்லை. ஒன்றரை மடங்குக்கு மேல் துள்ளினால் ஆபத்து நெருங்குகிறது என்றார். பிற்பாடு, 2020 வாக்கில், வேறு நிபுணர்கள் இந்த விகிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்ன எண் வந்தால் இன்ன தேதியில் கால் ஒடியும் என்று சொல்ல இது ஜோசியம் அல்ல என்றார்கள். அது நியாயந்தான். ஆனால் எண்ணைப் பற்றித்தான் சண்டையே தவிர, அடிப்படைப் புத்தியைப் பற்றி அல்ல. பழகாத உடம்பில் திடீரென்று பாரத்தை ஏற்றாதே என்பதை ஊரில் மாட்டு வண்டிக்காரர்கூடச் சொல்லுவார்.

இப்போது நம்முடைய வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்ததும் டியூஷன், ரிவிஷன், பரீட்சை. பந்து பரணில். மே மாதத்தில் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது கேம்ப். வாரத்துக்கு 24 மணி. கடந்த நாலு வாரத்துச் சராசரியோ பூஜ்யம். விகிதம் என்ன? பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று கணக்கு வாத்தியார் நமக்கு அப்போதே சொல்லியிருக்கிறார். பரீட்சைக் காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிஷம் பையனை ஓட விட்டிருந்தால் மார்க்குக் குறைந்திருக்காது. மே மாதம் இத்தனை செங்குத்தான மலையாக நின்றிருக்காது. படிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பரணில் போட்ட பந்து, முழங்காலின்மேல்தான் வந்து விழுகிறது.

"நாங்கள் அந்தக் காலத்தில் காலை முதல் இருட்டும் வரை ஆடவில்லையா? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1960-ல் ரோமாபுரியில் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ் பெரு தேசத்துக்கு எதிராகக் கோல் போட்டார். அவர்களுக்கு ஏது கணக்கு என்பார்கள். கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. தெருவில் ஆடும் குழந்தை களைத்தால் திண்ணையில் உட்கார்ந்துவிடும். வலித்தால் 'நான் வரலைடா' என்று போய்விடும். நாளைக்குக் கிட்டிப்புள், மறுநாள் கபடி என்று ஆட்டத்தை மாற்றும். ஒரே தசையை ஒரே மாதிரி இழுப்பதில்லை. விசில் ஊதுகிறவர் வந்த பிறகுதான் வலியை மறைக்க வேண்டிய அவசியம் வந்தது. இன்னொன்று: அந்தக் காலத்தில் கால் போய் ஆட்டத்தை விட்டவர்கள் நம்மிடம் வந்து 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வதில்லை. சொல்கிறவர்கள் எல்லாரும் தப்பித்தவர்கள்.

தப்பித்தவர்களிலும் மகா கெட்டிக்காரர்களையே இது விடுவதில்லை. ஸ்பெயின் தேசத்து பெத்ரி, 18 வயதில், 2020-21 பருவத்தில் பார்சிலோனாவுக்கும் தாய்நாட்டுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடினான். ஐரோப்பியக் கோப்பையும் ஒலிம்பிக்கும் ஒரே கோடையில். உலகமே கை தட்டியது. அடுத்த பருவம் ஆரம்பித்ததும் தொடைத் தசை மறுத்துவிட்டது. மாதக் கணக்கில் வெளியே உட்கார்ந்தான். அவனைச் சுற்றி வைத்தியரும், மாலீஸ் செய்பவரும், சமையற்காரரும் ஒரு பட்டாளமே இருந்தது. எங்கள் தெருப் பையனுக்கு ஒரு பாட்டில் எண்ணெயும் பாட்டியும் இருக்கிறார்கள்.

குருத்து வலி பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் ஓய்ந்துவிடும். முழங்காலுக்குள் ஜவ்வு கிழிவது அப்படியல்ல. அது வருஷக் கணக்கு. பருவம் வந்த பெண் குழந்தைகளுக்கு அந்தக் கிழிவு பையன்களைவிடப் பல மடங்கு அதிகமாக நேர்கிறது என்று பல நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். நம் பெண்களோ இன்று பந்தாட்டத்தில் பின்வாங்குகிறவர்கள் அல்ல. 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கல்லூரி வீராங்கனை ஒருத்தி முழங்கால் ஜவ்வுக்காக அறுவை செய்துகொண்டாள். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலை எடுக்க நேர்ந்தது. பிறகு உயிரும் போயிற்று. அது ஆட்டத்தின் குற்றமல்ல. சிகிச்சையில் நேர்ந்த பிழை. அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, 'சின்னக் காயந்தானே' என்ற பேச்சு என் காதில் சின்னதாக விழுவதில்லை. ஆபரேஷன் மேஜை வரை போகாமலே ஒரு பிள்ளையைத் தடுக்க முடியுமானால், அதற்கு என்ன விலையும் கொடுக்கலாம்.

விலையோ அதிகமில்லை. 2006-ல் சர்வதேசக் கால்பந்துச் சங்கம் 'பதினொன்று ப்ளஸ்' என்ற பெயரில் 15 பயிற்சிகளைத் தொகுத்தது. ஆட்டத்துக்கு முன்னால் இருபது நிமிஷம். மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, தொடைக்குப் பலம் சேர்ப்பது. பந்து ஒன்று போதும். நார்வே தேசத்தில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடையே சோதித்து 2008-ல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அளவு மீறிய உழைப்பால் வருபவை ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. சிறு குழந்தைகளுக்கென்று திருத்தி அமைத்ததை நாலு ஐரோப்பிய நாடுகளில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள்; அங்கும் காயங்கள் கிட்டத்தட்டப் பாதி. இதோடு தூக்கம். எட்டு மணிக்குக் குறைவாகத் தூங்கும் பிள்ளைகளுக்குக் காயம் 1.7 மடங்கு என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கண்டது. இரவு பத்தரைக்கு டர்ஃபிலிருந்து வந்து காலை ஐந்துக்கு எழும் பிள்ளைக்கு எட்டு மணி எங்கிருந்து வரும்? வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலைப்படியில் பென்சிலால் உயரக் கோடு. கோடு திடீரென்று மேலே தாவினால், அந்த மாதங்களில் ஓட்டத்தைக் கூட்டாமல் நிதானிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் விஷயம் சுலபமாக முடியவில்லை. டாக்டர் படுக்கையில் போடச் சொல்லவில்லை. எட்டு வாரத்துக்கு ஓட்டமும் குதியும் குறைய வேண்டும், வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, தொடைக்குப் பலம் தரும் பயிற்சியை விடக்கூடாது என்றார். செலக்ஷனுக்கோ ஐந்தே வாரம் இருந்தது. அது 14 வயதுக்குட்பட்டோர் கோஷ்டிக்கு. அடுத்த வருஷம் என்றால் 17 வயதுக்குட்பட்டோரில், மீசை முளைத்த பையன்களோடு மோத வேண்டும்.

அன்று இரவு தகப்பனார் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினார்.

"நான் பதினாறு வருஷமா கான்ட்ராக்ட்டுல இருக்கேன் சார். வருஷா வருஷம் புதுசா கையெழுத்துப் போடறேன். இவனாவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கேயாவது நிலையா உள்ள போயிடட்டும்னு பாக்கறேன். ஒரு ஊசி போட்டு அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஆடிடலாமான்னு டாக்டரைக் கேளுங்களேன். நீங்க கேட்டா சொல்லுவார்."

அவரைக் கொடுமைக்காரத் தகப்பன் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். மகனுடைய முழங்காலை அவர் பணயம் வைக்க நினைத்தது, தம்முடைய முதுகு எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான். ஆனால் டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பையனின் அம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஊசி கீசி ஒண்ணும் வேணாம்ங்க. அவன் படிக்கட்டு நேரா இறங்கட்டும். அப்புறம் மத்ததைப் பாத்துக்கலாம்" என்றாள்.

அதற்குமேல் பேச்சு இல்லை.

மறு நாள் அவர்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே பென்சிலால் ஒரு புது வரிசை ஏறியது. பையனே எழுதினான். பள்ளிக்கூடக் கோச்சும் அகாடமிக் கோச்சும் முதல் தடவையாகப் போனில் பேசிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறு இரவு டர்ஃப் நின்றது. அந்த மட்டும் எல்லாம் நல்லபடியாக நடந்தது.

செலக்ஷன் அன்று அவன் போனான்; கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க. அவனுடைய இடது ஓரத்தில் வேறொருவன் ஆடினான். நன்றாகவே ஆடினானாம், தேர்வும் ஆனான். அந்தத் தேதிக்கு நேரே காலண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறகு ஒரு நாள் பார்த்தேன். நிமிஷம் 0. கஷ்டம் 10. பெருக்கித் தொகையும் போட்டிருந்தான்: 0. சூத்திரத்தின்படி சரியான விடைதான்.

அடுத்த நாளுக்கு நேரே, அதே பென்சிலில்: 40 நிமிஷம், கஷ்டம் 3, மொத்தம் 120.